லடாக்கில் கற்ற பாடம்

மொழியைக் கற்பிப்பதையே தொழிலாகக் கொண்டவனுக்கு, மொழியாலேயே தலைகுனிய நேர்வதைப் போன்ற நல்ல மருந்து வேறில்லை. முப்பது ஆண்டுகளாக மாணவர்களுக்கு நஹ்வும் ஸர்ஃபும் சொல்லிக் கொடுத்து, தமிழ்ப் பாடமும் நடத்திவரும் நான், அந்த மருந்தை என் ஐம்பத்தேழாவது வயதில், கடல் மட்டத்திலிருந்து ஏறத்தாழ 3,500 மீட்டர் உயரத்தில், ஒரு கிண்ணம் உப்புத் தேநீரோடு சேர்த்துப் பருகினேன். அந்தக் கதையைத்தான் வாசக அன்பர்களுக்குச் சொல்ல முற்படுகிறேன்.

வடநாட்டு மத்ரஸா ஒன்றில் நான் ஓதிக்கொண்டிருந்த நாள்களில் என்னோடு ஒரே அறையில் தங்கியிருந்தவர், லடாக்கின் லே நகரத்தைச் சேர்ந்த ஒரு மாணவர். எங்கள் இருவருக்குமே உருது தாய்மொழியன்று. ஆயினும் உருதுவில்தான் உறவாடினோம். இரவு உறக்கத்தில் அவர் ஏதேதோ முணுமுணுப்பார். உருதுவும் இல்லை, அரபியும் இல்லை. காலையில் கேட்டால், "அது எங்கள் வீட்டு மொழி, கிதாபில் தேடினால் கிடைக்காது" என்று சிரித்துக்கொண்டே சொல்லிவிடுவார். ஓதி முடித்துப் பிரிந்த பின் கடிதங்களிலும் பின்னர்த் தொலைபேசியிலும் நட்புத் தொடர்ந்தது. "இன்னும் தள்ளிப்போட்டால் நம் இருவரில் ஒருவர் இருக்கமாட்டோம். இந்தக் கோடையிலாவது வந்து சேருங்கள்" என்று அவர் அழைக்கவே, 2025 ஜூலையில் புறப்பட்டேன்.

ஸ்ரீநகரிலிருந்து லே செல்லும் சாலை நானூறு கிலோமீட்டருக்கு மேல் நீள்வது. ஜோஜி லா கணவாயைத் தாண்டியதும் காஷ்மீரத்தின் பசுமை, கதவை அடைத்தாற்போல் நின்றுவிடுகிறது. அப்பால் மண்ணும் பாறையும் வானமுமே. ஆற்றோரங்களில் மட்டும் நெட்டை மரங்களும் வாற்கோதுமை வயல்களும் தென்படுகின்றன. நிலம் மாறுவதைப் போலவே மொழியும் மாறுகிறது. திராஸில் ஷினா மொழி, கார்கிலில் புர்கி, மேலும் கிழக்கே போனால் லடாக்கி. 2011ஆம் ஆண்டுக் கணக்கெடுப்பின்படி லடாக் முழுவதிலும் வாழ்ந்தோர் 2,74,289 பேர். அந்தச் சிறு தொகைக்குள் இத்தனை மொழிகள்!

புர்கியும், எல்லைக்கு அப்பால் பல்திஸ்தானத்தில் வழங்கும் பல்தியும், லே வட்டாரத்து லடாக்கியும் திபெத்திய மொழியின் மேற்குக் கிளைகள். புர்கியும் பல்தியும் பேசுவோரில் மிகப் பெரும்பாலோர் முஸ்லிம்கள். பல்தியைப் பார்ஸி எழுத்தில் எழுதுகிறார்கள். தமிழை அரபி எழுத்தில் வரைந்து நூல் யாத்த நம் முன்னோருக்கு இது புதுமையாகத் தோன்றியிராது.

இந்த மேற்குக் கிளைகளுக்கு ஒரு தனிச் சிறப்புண்டு. திபெத்திய எழுத்துமுறை 7ஆம் நூற்றாண்டில் அமைந்தது. அந்த எழுத்தில் காணும் கூட்டு மெய்களைத் தலைநகர் லாஸாவின் நாக்கு காலப்போக்கில் உதறிவிட்டது. மேற்கு மலைவாணர்களின் நாக்கோ அவற்றில் பலவற்றைக் காத்துவந்திருக்கிறது. விண்மீனை லாஸாவில் 'கர்மா' என்பார்கள். லடாக்கியர் ஏட்டில் உள்ளபடி 'ஸ்கர்மா' என்கிறார்கள். எட்டு என்னும் எண் அங்கே 'க்யே' என்று தேய்ந்துவிட்டது. இங்கே இன்றும் 'ர்க்யத்'. பழமையைக் காத்தவர்கள் ஓரத்தில் கிடந்த எளிய மக்களே. ஆனால் 'கொச்சையாகப் பேசுகிறவர்கள்' என்ற பெயரும் அவர்களுக்கே கிடைத்தது. இதை நான் கார்கிலில் இரவு தங்கியபோது கேட்டறிந்தேன். அப்போது அது ஒரு சுவையான செய்தி என்பதற்கு மேல் எனக்கு ஒன்றும் தோன்றவில்லை.

லே நகரத்துக் கடைவீதியில், பழைய அரண்மனைக் குன்றின் கீழே, 17ஆம் நூற்றாண்டில் எழுந்த ஜாமிஆ மஸ்ஜித் நிற்கிறது. அதற்கு அண்மையில் ஒரு சந்தில் நண்பர் வீடு. காஷ்மீரத்திலிருந்தும் யார்கந்திலிருந்தும் வந்த வணிகர்கள் லடாக்கியப் பெண்களை மணந்து இங்கேயே வேரூன்றினர். தந்தை வழியில் தொழுகையும் தாய் வழியில் மொழியும் வந்தன. லேயிலிருந்து லாஸாவுக்குச் சென்றுவந்த 'லோப்சக்' என்னும் காணிக்கைக் குழுவை நடத்திச் சென்றவர்களுள் முஸ்லிம் வணிகர்களும் இருந்தார்கள். திபெத்திய மொழியில் பெரிதும் விரும்பப்பட்ட 'கச்சே பலு' என்னும் அறிவுரை நூல் ஒரு முஸ்லிம் இயற்றியதாகச் சொல்லப்படுகிறது. நாம் மத்ரஸாவில் ஓதிய ஷெய்கு ஸஅதியின் சாயலை அதில் காண்போர் உண்டு.

வீட்டுக்குள் நுழைந்ததும் நண்பரின் தாயார் எழுந்து வந்தார்கள். எண்பதைக் கடந்த மூதாட்டி. அனைவரும் அவர்களை 'அபி-லே' என்று அழைத்தார்கள். 'அபி' என்றால் பாட்டி. 'லே' என்பது மரியாதைக்காக ஒட்டும் சிற்றசை. அந்த ஊரில் அந்த 'லே' இல்லாமல் யாரையும் விளிப்பதில்லை. 'ஆம்' என்பதற்கும் 'இல்லை' என்பதற்கும்கூட அதை ஒட்டிச் சொல்கிறார்கள். ஸலாம் பரிமாறியபின் அவர்கள் என்னை நோக்கி "ஜுக்ஸ்-லே" என்றார்கள். 'அமருங்கள்' என்பது பொருள். அதன் முதலெழுத்து நம் ஜகரம் அன்று; பார்ஸியில் மூன்று புள்ளியிட்டு எழுதும் எழுத்தின் ஒலி. அதைக் கேட்டதும் பழைய பாடம் ஒன்று காதில் விழுந்தாற்போல் மகிழ்ந்து போனேன்.

உயரத்தின் காரணமாக இரண்டு நாள் வெளியே நடமாடக் கூடாது என்று கட்டளை. ஆகவே அடுப்பங்கரையை ஒட்டிய பெரிய அறையில், தாழ்ந்த மேசையின் முன் அமர்ந்து, காதில் விழுந்த சொற்களையெல்லாம் ஏட்டில் குறித்துக்கொண்டே இருந்தேன். முப்பது ஆண்டு ஆசிரியன் அல்லவா? இரண்டாம் நாள் மாலைக்குள் ஒரு வாக்கியம் பேசிவிடுவது என்று துணிந்தேன். வெண்ணெயும் உப்பும் கலந்த தேநீரை நீட்டும்போதெல்லாம் "சோல்ஜா தோன்-லே" என்கிறார்களே, 'சோல்ஜா' தேநீர், 'தோன்' பருகுதல் என்று பிரித்தறிந்தாயிற்று. 'நான்' என்பதற்கு அவர்கள் சொல் 'ஙா'. நம் பேச்சில் சொல்லுக்கு முதலாக வாராத ஙகரம் அங்கே 'நான்' என்று தலைநிமிர்ந்து நிற்கிறது. மருமகள் கிண்ணத்தை நிரப்பியதும், குரலை உயர்த்தி, "ஙா சோல்ஜா தோன்" என்றேன்.

அறை ஒரு கணம் அமைதியாயிற்று. பிறகு நண்பர் தாடிக்குள் சிரிப்பை அடக்க முயன்று தோற்றார். மருமகள் முந்தானையால் வாயை மூடிக்கொண்டு உள்ளே ஓடினாள். ஜம்முவிலிருந்து விடுமுறைக்கு வந்திருந்த பதினோரு வயதுப் பேத்தி ஒருத்தி மட்டும் சிரிக்காமல் என்னையே பார்த்துக்கொண்டிருந்தாள். நான் சொன்னதைத் தமிழில் பெயர்த்தால், 'யாம் தேநீரை அருந்தியருள்வோம்' என்று வரும்!

நண்பர் பின்னர் விளக்கினார். அவர்கள் மொழியில் 'ஷேசா' என்னும் மரியாதைச் சொற்தொகுதி ஒன்று உண்டு. (இதன் முதலொலியும் அந்த மூன்று புள்ளி எழுத்தே.) நாம் தமிழில் 'நீ' என்பதை 'நீங்கள்' என்றாக்கி, வினையின் இறுதியை மாற்றினால் மரியாதை வந்துவிடும். அரபியிலோ 'அன்த்த' என்னும் ஒரே சொல் அரசனுக்கும் அடிமைக்கும் பொது. மரியாதையெல்லாம் பட்டங்களிலும் வாழ்த்துகளிலும் இருக்கிறது. லடாக்கியிலோ சொல்லே வேறாகிவிடுகிறது. எளிய வழக்கில் தேநீர் 'சா', மரியாதையில் 'சோல்ஜா'. பருகுவது 'துங்', மரியாதையில் 'தோன்'. நீ என்பது 'க்யோரங்', நீங்கள் என்பது 'ஞேரங்'. பேசுவது 'ஸேர்', மேலோர் பேசுவது 'மோல்'. கை, கால், தலை, கண், பெயர், உறக்கம் ஆகிய எல்லாவற்றுக்கும் இரட்டைச் சொற்கள் உண்டு. பெரியவரின் கையை, என் கையைச் சொல்லும் சொல்லால் சொல்லக் கூடாது.

இதில் ஒரே ஒரு விதி தவறாதது. ஷேசா என்பது பிறருக்கு உரியது. தன்னைப் பற்றிப் பேசும்போது அதைத் தொடவே கூடாது. உலகமே வந்து தோன் என்று உபசரித்தாலும், நான் 'துங்' என்றுதான் சொல்லிக்கொள்ள வேண்டும். அதபைப் பற்றி எத்தனையோ கிதாபுகள் ஓதியிருக்கிறேன். ஒரு மொழி தன் அகராதிக்குள்ளேயே அந்தப் பணிவை வைத்துப் பூட்டியிருப்பதை அன்றுதான் கண்டேன்.

கொடுத்தலுக்கு மூன்று சொற்கள் உண்டென்று நண்பர் சொன்னபோது நான் நிமிர்ந்து உட்கார்ந்தேன். பொதுவாகக் கொடுப்பது 'தங்'. மேலோர் கொடுப்பது 'சல்'. மேலோருக்கு நாம் பணிந்து அளிப்பது 'ஃபுல்'. நம் தொல்காப்பியர் ஈ, தா, கொடு என்னும் மூன்றையும், இழிந்தோன், ஒப்போன், உயர்ந்தோன் ஆகியோர் கூற்றுகளாக வகுத்திருப்பதை அவருக்கு எடுத்துச் சொன்னேன். "அப்படியானால் உங்கள் மொழியிலும் ஷேசா இருக்கிறது!" என்று அவர் வியந்தார். "இருந்தது" என்றேன். ஏடுகளில் மட்டும் தங்கிப்போன விதி என்ற எண்ணத்தில் சொன்னேன். அந்தச் சொல் எவ்வளவு பிழையானது என்பது பிறகுதான் விளங்கிற்று.

மாலையில் நண்பரைக் காண ஓய்வுபெற்ற ஆசிரியர்கள் இருவர் வந்தார்கள், ஒருவர் பௌத்தர். ஆங்கிலம், இந்தி, உருது, போதி, புர்கி ஆகிய ஐந்தையும் லடாக் ஒன்றியப் பகுதியின் ஆட்சிமொழிகளாக அறிவித்த ஒழுங்குமுறை அதற்கு முந்திய மாதம், 2025 ஜூனில்தான் வெளியாகியிருந்தது. எனவே பேச்சு இயல்பாக அங்கே சென்றது. மொழிக்கு அரியணை கிடைத்துவிட்டது. எந்த மொழியை அதில் அமர்த்துவது என்பதே அவர்களின் வழக்கு. ஏட்டு மொழிக்கு 'சோஸ்கத்' என்று பெயர். சமயத்தின் மொழி என்பது பொருள். வீட்டிலும் வீதியிலும் பேசுவது 'பல்கத்', பொதுமக்களின் மொழி. எழுதினால் பழைய இலக்கணப்படி சோஸ்கத்தில்தான் எழுத வேண்டும், பேசுகிறபடி எழுதினால் மொழியும் மறையும் கெட்டழியும் என்பது ஒரு தரப்பு. ஒரு குழந்தை தன் தாயின் வாயில் கேளாத மொழியை ஏட்டில் கண்டால் ஏட்டையே மூடிவிடும் என்பது மறுதரப்பு. 1904ஆம் ஆண்டிலேயே பிராங்கே என்னும் ஜெர்மானியப் பாதிரியார் லேயில் கல்லச்சில் ஒரு செய்தித்தாள் நடத்தினார். அதன் பெயரிலேயே நம் 'அக்பார்' என்னும் அரபுச் சொல் இடம்பெற்றிருந்தது. 1990களில் 'லடாக்ஸ் மெலோங்', அதாவது 'லடாக்கின் கண்ணாடி' என்னும் இதழ், பேச்சுக்கு நெருங்கிய நடையில் எழுத முனைந்தபோதும் கண்டனங்கள் எழுந்தன.

எனக்கு இது அயலான வழக்கன்று. ஃபுஸ்ஹா அரபிக்கும் கடைத்தெரு அரபிக்கும் இடையேயுள்ள பள்ளத்தை அறிந்தவன் நான். செந்தமிழின் காவலனாக என்னை நானே நியமித்துக்கொண்டவனுங்கூட. ஆகவே தயங்காமல் முதல் தரப்பில் சேர்ந்துகொண்டு, "இலக்கணத்தைத் தளர்த்தினால் எல்லாம் போய்விடும்" என்று நீண்ட உரையே நிகழ்த்தினேன். பௌத்த ஆசிரியர் பொறுமையாகக் கேட்டுவிட்டு, "ஜனாப், காப்பவர்கள் கோட்டைக்குள் இருக்கலாம். ஆனால் குழந்தைகள் வெளியே அல்லவா நிற்கிறார்கள்?" என்றார்.

அவர் சொன்னதன் பொருள் அந்த வீட்டுக்குள்ளேயே இருந்தது. பேத்தி எல்லோருடனும் இந்தியில் கலகலவென்று பேசுவாள். அபி-லேயிடம் மட்டும் வாயே திறக்க மாட்டாள். மூதாட்டிக்கோ இந்தி அரைகுறை. மூன்றாம் நாள் நான் அவளிடம் மெதுவாகக் காரணம் கேட்டேன். அவளுக்கு லடாக்கி தெரியாமலில்லை. ஜம்முவில் தாய் தகப்பனுடன் பேசும் எளிய சொற்களெல்லாம் தெரியும். ஷேசா மட்டும் தெரியாது. சென்ற ஆண்டு வந்தபோது அபி-லேயைப் பார்த்து 'க்யோரங்' என்று சொல்லிவிட்டாளாம். விருந்தினர் முன்னிலையில் நண்பர் கடிந்துகொண்டார். அடுத்தடுத்த வாக்கியங்களிலும் பிழை பிடித்தார். "தப்பாகப் பேசினால் தாதாஜிக்குக் கோபம் வரும். இந்தியில் 'ஆப்' என்றால் போதும், யாரும் கோபிக்க மாட்டார்கள்" என்றாள். மரியாதையைக் காப்பாற்ற எண்ணிக் கடிந்ததன் விளைவு, கொள்ளுப்பாட்டிக்கும் குழந்தைக்கும் நடுவே பேச்சே நின்றுபோனது.

அன்றிரவு எனக்கு உறக்கம் வரவில்லை. உயரத்தின் கோளாறு என்று நண்பரிடம் சொன்னேன். உண்மையில் என் நினைவில் வந்து நின்றவன், இருபத்தைந்து ஆண்டுகளுக்கு முன் கடற்கரை ஊர் ஒன்றில் என் வகுப்பில் இருந்த ஒரு மாணவன்.

அவனுடைய தகப்பனார் கொழும்பில் வணிகம் செய்தவர். மூன்றாண்டுகளுக்குப் பின் ஊர் திரும்பியிருந்தார். பெருநாளைப் பற்றிக் கட்டுரை எழுதி வரச் சொல்லியிருந்தேன். அவன் எழுந்து உற்சாகமாக வாசித்தான்: "எங்க வாப்பா கொழும்புலேருந்து வந்தாஹ." நான் அவனை நிறுத்தினேன். "வந்தாஹவா? தொல்காப்பியத்தில் எந்த இயலில் இருக்கிறது இந்த 'ஹ'?" என்று கேட்டேன். வகுப்பு கொல்லென்று சிரித்தது. அந்தச் சிரிப்பு எனக்கு இனித்தது என்பதையும் மறைக்காமல் எழுதிவிடுகிறேன். பிள்ளைகள் அவனுக்கு 'வந்தாஹ' என்றே பட்டப்பெயர் சூட்டிவிட்டார்கள். அதன் பின் அவன் என் வகுப்பில் எழுந்து வாசித்ததே இல்லை. பத்தாம் வகுப்போடு படிப்பை நிறுத்திக்கொண்டான். அதற்கு நான் ஒருவனே காரணம் என்று சொல்ல எனக்கு அறிவில்லை. நான் காரணமே இல்லை என்று சொல்ல எனக்குத் துணிவில்லை.

லேயில் படுத்தபடி அந்தச் சொல்லை முதன்முறையாக ஆராய்ந்து பார்த்தேன். 'வந்தார்கள்' என்பதுதான் வாயில் தேய்ந்து 'வந்தாக' என்றும், நம் கடற்கரை ஊர்களில் 'வந்தாஹ' என்றும் நின்றிருக்கிறது. அது பன்மையின் விகுதி; மரியாதையின் விகுதி. தந்தையைப் பற்றிப் பேசும்போது 'வந்தான்' என்று வாய்தவறியும் வந்துவிடக் கூடாதென்று அவன் உம்மா மடியில் வைத்துப் பழக்கிய சொல். அது அவன் வீட்டு ஷேசா! மரியாதை தெரிந்த பிள்ளையை, மரியாதையின் பெயரால் ஊர் சிரிக்க வைத்தவன் நான். 'இருந்தது' என்று நண்பரிடம் சொன்னேனே, அது என் வகுப்பறையிலேயே உயிரோடு எழுந்து நின்றது. நான்தான் உட்கார வைத்தேன்.

மறுநாள் காலை பேத்தியை அழைத்து, "நீ எனக்கு உஸ்தாது, உங்கள் மொழியை எனக்குச் சொல்லிக் கொடு" என்றேன். என் பிழைகளைத் திருத்துவதற்கு அவளுக்குத் தெரிந்த எளிய சொற்களே போதுமானவையாக இருந்தன. தெரியாத ஷேசாச் சொல் வந்தால், எனக்காகக் கேட்பது போல் அபி-லேயிடம் ஓடிக் கேட்டு வருவாள். முதலில் இந்தியில் கேட்டாள்; இரண்டு நாளில் பாதி லடாக்கியில் கேட்டாள். அபி-லே ஒருமுறைகூட அவளைத் திருத்தவில்லை. அவள் தவறாகச் சொன்னதையே சரியான சொல்லில் மாற்றித் தாம் ஒருமுறை சொல்வார்கள், அவ்வளவுதான். கிதாபு ஓதாத அந்த மூதாட்டியிடம் நான் கண்ட கற்பிக்கும் முறையை, எந்தப் பயிற்சிக் கல்லூரியிலும் கண்டதில்லை. நண்பர் இவற்றையெல்லாம் பார்த்துக்கொண்டிருந்தார். நான் அவருக்கு எதுவும் சொல்லவில்லை. சொல்லும் தகுதியும் எனக்கில்லை.

ஊர் திரும்பி மூன்று மாதம் கழித்து நண்பரின் கடிதம் வந்தது. அதன் அடியில் பேத்தியின் கையால் ஒரு வரி. திபெத்திய எழுத்து எனக்குத் தெரியாது என்பதற்காக, பாட்டனாரிடம் கற்ற உருது எழுத்திலே லடாக்கியை எழுதியிருந்தாள். ஒவ்வோர் எழுத்தாகக் கூட்டி வாசித்தேன்: "மேமே-லே, சோல்ஜா தோனா ஸ்க்யோத்." 'தாத்தா அவர்களே, தேநீர் அருந்த எழுந்தருளுங்கள்.' தேநீருக்கும் அருந்துதலுக்கும் வருதலுக்கும் உரிய மூன்று மரியாதைச் சொற்களும் முறையாக இருந்தன.

கடிதத்தைச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டு அஸருக்குப் பின் பேருந்தேறி அந்தக் கடற்கரை ஊருக்குப் போனேன். என் பழைய மாணவருக்குக் கடைத்தெருவில் மளிகைக் கடை. எத்தனையோ முறை அவ்வழியே சென்றிருக்கிறேன். ஸலாம் சொல்வார், அதற்கு மேல் பேச்சு வளர்ந்ததில்லை. அன்று கூட்டம் குறையும்வரை நின்று, "தம்பி, அன்று வகுப்பில் நீங்கள் வாசித்தது சரி, நான் சிரித்ததுதான் பிழை" என்றேன். எதைச் சொல்கிறேன் என்று அவர் கேட்கவில்லை. தராசுத் தட்டில் இருந்த பருப்பைக் காகிதப் பையில் கொட்டி, மடித்து, நூல் சுற்றி முடித்தார். பிறகு எனக்கொரு முக்காலியை இழுத்துப் போட்டார்.

"வாப்பா மவுத்தாகி ஏழு வருஷமாச்சு, ஹஜ்ரத்" என்றார். "கடைசி வரைக்கும் உங்களை நல்லபடியா விசாரிப்பாஹ."